நீண்ட தூர விமானத்தில் எகானமி வகுப்புக்குக் கூடுதல் கட்டண உணவு: பணத்துக்குத் தகுந்த பயன் உண்டா?

கேள்வி: நெடுந்தூரப் பயணி

அனைவருக்கும் வணக்கம். 72 வயதாகும் என் தாயாரை அழைத்துக்கொண்டு அடுத்த மாதம் 14 மணி நேரம் பறக்கும் ஒரு விமானத்தில் எகானமி வகுப்பில் செல்லவிருக்கிறேன். டிக்கெட் எடுத்து முடித்த பிறகு, இருக்கையைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்திலேயே, வழக்கமாகத் தரப்படும் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கூடுதல் கட்டணம் செலுத்தி வேறு உணவை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம் என்ற அறிவிப்பைக் கண்டேன். நான்கைந்து உணவு வகைகளின் படங்கள் இருந்தன. எல்லாமே பீங்கான் தட்டில் அழகாகப் பரிமாறப்பட்டிருந்தன.

இதைப் பற்றி நான் இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம் சென்ற பயணத்தில் நடந்ததுதான். எங்கள் இருக்கைகள் விமானத்தின் வால் பகுதிக்கு மூன்று வரிசை முன்னால் இருந்தன. உணவுத் தள்ளுவண்டி எங்களிடம் வந்து சேர்ந்தபோது சைவ உணவு தீர்ந்துவிட்டது. சைவத்தை முன்பே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எப்படியும் இருக்கும் என்று நம்பியிருந்தேன். அம்மா அலுமினியத் தாள் மூடியைத் திறக்கவே இல்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் இருந்த பன்னை எடுத்துப் பிய்த்தார். குளிர்ந்து இறுகிப்போயிருந்த அது பிய்த்த இடத்தில் உதிர்ந்து மடியில் விழுந்தது. அந்தப் பன்னில் பாதியும் நான்கு துண்டுப் பழமும்தான் அடுத்த ஒன்பது மணி நேரத்துக்கு அவருடைய உணவு. அவர் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்பதால், அந்த ஒன்பது மணி நேரமும் நான் கண்ணயரவில்லை.

அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் உணவு வேறு சமையற்கூடத்தில் தயாராகிறதா, சுவையில் உண்மையாகவே வேறுபாடு உண்டா? கடைசி நேரத்தில் விமானம் மாற்றப்பட்டால் செலுத்திய பணம் என்னவாகும்? டிக்கெட் விலையில் உணவும் அடங்கியிருக்கும்போது அதே உணவுக்கு மறுபடியும் பணம் கேட்பது நியாயமா என்ற கேள்வியும் மனத்தில் இருக்கிறது.

மறுமொழி 1: சமையற்கூடத்துக்காரர்

வணக்கம். விமான நிறுவனங்களுக்கு உணவு தயாரித்துத் தரும் ஒரு சமையற்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் தாயாரின் நிலையைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. தட்டுகளை அடுக்கி அனுப்பிக்கொண்டிருந்த நாங்கள், அவற்றுள் எத்தனை மூடி திறக்கப்படாமல் திரும்பி வந்தன என்பதையும் பார்த்தவர்கள்தாம்.

முதலில் சமையற்கூடம் பற்றி. பெரும்பாலான நிறுவனங்கள் தாங்களே சமைப்பதில்லை. கேட் குர்மே, எல்எஸ்ஜி ஸ்கை செஃப்ஸ், டிநாட்டா, டூ அண்டு கோ போன்ற பெரிய உணவு நிறுவனங்கள் ஒரே வளாகத்தில் பல விமான நிறுவனங்களுக்குச் சமைக்கின்றன. பொதுவாகக் கட்டண உணவும் இலவச உணவும் அதே கூரையின் கீழ்தான் தயாராகும். வேறுபாடு வேறு இடத்தில் வருகிறது. இலவச உணவை நூற்றுக்கணக்கில் செய்கிறோம். ஒரு தட்டுக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்ற வரம்பு மிகக் கடுமையானது. அந்தக் கடுமை எவ்வளவு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு: 1980-களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், அதன் தலைவர் ராபர்ட் கிராண்டலின் காலத்தில், சாலட்டில் இருந்து ஒரே ஓர் ஆலிவ் காயை நீக்கி ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 டாலர் மிச்சப்படுத்தியது. கட்டண உணவில் அந்த வரம்பு சற்றுத் தளர்கிறது. நல்ல பொருள் வாங்க முடிகிறது, அளவு கூடுகிறது, குறைந்த எண்ணிக்கையில் செய்வதால் கைக்கவனமும் கூடுகிறது.

ஆனால் சமைத்த பிறகு இரண்டு உணவுகளுக்கும் ஒரே கதிதான். சமைத்த உடனே வேகமாகக் குளிரூட்டி ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவருவோம். பிறகு தட்டில் அடுக்கி, குளிர் அறையில் வைத்து, வண்டியில் ஏற்றி, விமானத்தில் சேர்ப்போம். மேலே அங்குள்ள ஓவனில் ஏறக்குறைய 20 நிமிடம் சூடாக்கப்பட்டு உங்கள் மடி மேசைக்கு வருகிறது. அந்த ஓவன் சமைப்பதற்கு உரியது அன்று, சூடாக்குவதற்கு மட்டுமே உரியது. எனவே எவ்வளவு பணம் கொடுத்தாலும் மொறுமொறுப்பு என்பது அங்கே கிடைக்காது. வறுத்ததும் பொரித்ததும் மூடிக்குள் ஆவி பட்டுத் தளர்ந்துவிடும். ஒட்டியும் ஒட்டாமலும் உதிரியாக வடித்த சோறு ஓரங்களில் காய்ந்து நடுவில் ஈரமாக வரும். கோழியின் நெஞ்சுப் பகுதியும் மீன் துண்டும் நார்நாராகிவிடும். சாறில் நெடுநேரம் மெதுவாக வெந்த எதுவும், அதாவது குழம்பு, கூட்டு, பருப்பு, சாஸில் ஊறிய காய்கறி ஆகியவை, மறுசூட்டைத் தாங்கும். சில வேளை முதல் நாளைவிட நன்றாகவும் இருக்கும். படத்தைப் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள், இந்தக் கணக்கைப் பார்த்துத் தேர்வு செய்யுங்கள். பணம் கொடுத்து மொறுமொறுப்பான பண்டத்தைத் தேர்ந்தெடுப்பவர்தான் பெரும்பாலும் ஏமாற்றம் அடைகிறார்.

சுவையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குக் குறையாமல் வைக்கப்படுகிறது. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் அது ஏறத்தாழ 6,000 அடிக்கு ஒப்பானது. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் கீழே இருப்பதால் மூக்கு உலர்ந்து, வாசனை குறைந்து, வாசனையோடு சுவையும் குறைகிறது. லுஃப்தான்சா நிறுவனத்துக்காக ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் ஒரு விமானத்தின் உடற்பகுதியையே குறைந்த அழுத்தக் கூடத்துக்குள் வைத்துச் சோதித்தபோது, உப்புச் சுவை 20 முதல் 30 விழுக்காடு வரையும் இனிப்பு 15 முதல் 20 விழுக்காடு வரையும் குறைவாக உணரப்படுவதாகக் கண்டது. பலர் தரையில் தொடாத தக்காளிச் சாற்றை விமானத்தில் விரும்பிக் கேட்பதன் காரணத்தைத் தேடியும் அந்தச் சோதனை நடந்தது. 2015-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விமானத்துக்குள் இருப்பதுபோன்ற 85 டெசிபல் இரைச்சலில் இனிப்பு மங்குவதையும், தக்காளி, காளான் போன்றவற்றில் உள்ள உமாமி என்னும் சுவை தூக்கலாவதையும் கண்டறிந்தனர். எனவே தக்காளி, காளான், பருப்பு, சீஸ், நல்ல மசாலா ஆகியவை சேர்ந்த உணவு மேலே சோபிக்கும். மென்மையான, நுட்பமான சுவையுள்ள உணவுக்குக் கூடுதல் பணம் கொடுத்தால், அந்த நுட்பம் நாக்குக்கு எட்டாது.

இன்னும் ஒன்று: போகும்போது நன்றாக இருந்தது என்பதற்காகத் திரும்பும்போதும் அதையே பதிவு செய்ய வேண்டாம். நிறுவனத்தின் தலைமை நிலையத்தில் ஏற்றப்படும் உணவை அதற்கு நெருக்கமான சமையற்கூடம் நேரடிக் கண்காணிப்பில் செய்கிறது. மறுமுனையில் அதே பட்டியலை ஓர் ஒப்பந்தக்காரர் தாளில் எழுதிய குறிப்பைப் பார்த்துச் செய்கிறார். கட்டணம் ஒன்றே என்றாலும் தட்டு ஒன்றாக இருக்காது.

மறுமொழி 2: இடைகழி இருக்கை

வேலை நிமித்தமாக ஆண்டுக்குப் பல முறை எகானமியில் நீண்ட பயணம் செய்பவள் நான். கேஎல்எம், ஏர் பிரான்ஸ், ஆஸ்திரியன் போன்ற நிறுவனங்கள் எகானமி பயணிகளுக்குக் கட்டண உணவை வழங்கத் தொடங்கிய காலத்தில் இருந்தே அவ்வப்போது அதை வாங்கிப் பார்த்திருக்கிறேன். மேலே சமையற்கூடத்துக்காரர் ஐயா சொன்னதோடு எனக்கு உடன்பாடுதான். பயணியின் பக்கத்தில் இருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

நீங்கள் அந்தப் பணத்துக்கு வாங்குவதில் பெரும்பகுதி நிச்சயம் என்பதே என் கருத்து. தள்ளுவண்டி முன்னிருந்து வருகிறதா பின்னிருந்து வருகிறதா, நம் வரிசைக்கு வரும்போது எது மிஞ்சியிருக்கும் என்ற கவலை அற்றுப்போகிறது. என் பெயரும் இருக்கை எண்ணும் ஒட்டிய தட்டு, மற்றவர்களுக்குப் பரிமாறத் தொடங்கும் முன்பே என்னிடம் வந்துவிடும். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் முன்பாகவே உறங்கப் போகலாம். இரவுப் பயணங்களில் அந்த அரை மணி நேரத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆயினும் உடன் வருபவர் வழக்கமான உணவுக்குக் காத்திருந்தால் இருவரும் சேர்ந்து சாப்பிட முடியாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கட்டணம் பெரும்பாலும் முதல் வேளை உணவுக்கு மட்டுமே. இறங்குவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் தரும் இரண்டாம் வேளை எல்லாருக்கும் தரும் அதே தட்டுத்தான். 14 மணி நேரப் பயணத்தில் பசி வாட்டுவது இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள நீண்ட இடைவெளியில்தான், அந்த இடைவெளியைக் கட்டண உணவு நிரப்பாது. ஆகவே பதிவு செய்யும் பக்கத்தில் எந்த வேளைக்கு என்று எழுதியிருக்கிறது என்பதைப் பொறுமையாகப் படியுங்கள்.

விமானம் மாறினால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அது நேர்ந்தது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தில் பணம் கட்டிப் பதிவு செய்திருந்தேன். பழுது காரணமாக ஆறு மணி நேரம் கழித்து வேறு விமானத்தில் ஏற்றினார்கள். பணியாளரிடம் இருந்த பட்டியலில் என் பெயர் இருந்தது, ஆனால் உணவு ஏற்றப்படவில்லை. அவர் என் முன் முழங்காலிட்டு அமர்ந்து வருத்தம் தெரிவித்தார். அவர்மீது எனக்குச் சிறிதும் கோபமில்லை. பணத்தைத் திரும்பப் பெற நான்கு மின்னஞ்சல்களும் ஏழு வாரங்களும் ஆயின. பதிவு செய்ததற்கான ரசீதைத் தனியாக எடுத்து வைத்திருந்ததாலும், விமானத்திலேயே பணியாளரிடம் ஒரு குறிப்பு எழுதி வாங்கியிருந்ததாலும்தான் அதுவும் கிடைத்தது. அமெரிக்காவுக்குச் செல்லும், அங்கிருந்து புறப்படும் விமானங்களைப் பொறுத்தவரை, பணம் கட்டிய கூடுதல் சேவை வழங்கப்படாவிட்டால் அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2024-இல் விதி வகுத்திருக்கிறது. மற்ற இடங்களில் நிறுவனத்தின் நிபந்தனைகளைப் படித்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

மறுமொழி 3: கட்டுச்சோறு

நண்பரே, நான் மாறுபட்ட கருத்துடையவன். உங்கள் தாயாருக்குத் தேவையானது ஏற்கெனவே இலவசமாக இருக்கிறது. டிக்கெட் விலையிலேயே உணவும் தரும் முழுச்சேவை நிறுவனங்கள் பெரும்பாலானவற்றில் சிறப்பு உணவு என்ற ஏற்பாடு உண்டு. அதற்கு உலகம் முழுவதும் பொதுவான நான்கெழுத்துக் குறியீடுகள் இருக்கின்றன. ஏவிஎம்எல் என்றால் ஆசிய முறைச் சைவ உணவு, விஜிஎம்எல் என்றால் பால்பொருள்கூடச் சேராத சைவம், டிபிஎம்எல் என்றால் சர்க்கரை நோயாளிகளுக்கான உணவு, எஃப்பிஎம்எல் என்றால் பழத்தட்டு. புறப்பாட்டுக்கு 24 முதல் 48 மணி நேரத்துக்கு முன் பதிவு செய்தால் போதும். இந்தத் தட்டும் பெயர் ஒட்டித்தான் வரும், மற்றவர்களுக்கு முன்பாகவே வரும். பெரும்பாலும் இரண்டு வேளைக்கும் பொருந்தும். மேலே சகோதரி பணம் கொடுத்துப் பெற்றதாகச் சொன்ன நிச்சயம் இதில் பணமில்லாமலே கிடைக்கிறது.

ஒரு தடங்கல் மட்டும் உண்டு. ஒரு பயணிக்கு ஒரு குறியீட்டைத்தான் பொதுவாகப் பதிவு செய்ய முடியும். சைவம், சர்க்கரை நோய் ஆகிய இரண்டையும் சேர்த்துக் கேட்க இயலாது. டிபிஎம்எல் உணவில் இறைச்சியோ மீனோ இருக்கலாம். உங்கள் தாயாருக்குச் சைவக் குறியீட்டையே பதிவு செய்து, அதில் வரும் இனிப்பை ஒதுக்கிவிடச் சொல்லுங்கள் என்பேன். கட்டண உணவுப் பட்டியலில் சைவம் இருந்தாலும், அதைத் தேர்ந்தெடுத்தால் இந்த இலவசப் பதிவு நீங்கிவிடும் வாய்ப்பு அதிகம்.

இன்சுலின் பற்றி மிக முக்கியமான ஒன்று. உணவு நேரம் இதுதான் என்று அறிவித்தவுடன் ஊசி போட்டுவிடக் கூடாது. தட்டு கைக்கு வந்து மூடியைத் திறந்து, சாப்பிடக்கூடியதுதான் என்று பார்த்த பிறகே போட வேண்டும். திடீர் குலுக்கல் வந்தால் பரிமாறுவதை நடுவில் நிறுத்திவிட்டுப் பணியாளர்கள் இருக்கைக்குப் போய்விடுவார்கள், அரை மணி நேரத்துக்குமேல்கூட வண்டி வராது. இதையும் நேர மண்டல மாற்றத்தையும் புறப்படும் முன் மருத்துவரிடம் சொல்லி, எப்போது எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் உறைந்து கெடலாம்.

உணவுக்குச் செலவிட நினைக்கும் தொகையை இருக்கைக்குச் செலவிடுங்கள் என்றும் சொல்வேன். கழிப்பறைக்கு அருகே, இடைகழியை ஒட்டிய இருக்கை ஒரு முதியவருக்கு 14 மணி நேரமும் பயன்படும். கையில் எடுத்துச் செல்ல, திரவமாக இல்லாத எந்த உணவுக்கும் பாதுகாப்புச் சோதனையில் பொதுவாகத் தடையில்லை. பல விமான நிலையங்களில் உள்ள 100 மில்லிலிட்டர் வரம்பு நீர், சாறு, தயிர், ஜாம் போன்றவற்றுக்கே. மருத்துவத் தேவைக்கான திரவங்களுக்கு அதிலும் விலக்கு உண்டு. வாயுவை உண்டாக்கும் பண்டங்களைத் தவிர்த்துவிடுங்கள். விமானத்துக்குள் அழுத்தம் குறைவதால் வயிற்றில் இருக்கும் வாயு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரிவடைகிறது. மிஞ்சியதை இறங்கும் முன் விமானத்திலேயே விட்டுவிடுங்கள். பழத்தையும் இறைச்சியையும் உள்ளே விடாத நாடுகள் பல, அறிவிக்காமல் கொண்டுசென்றால் அபராதமும் உண்டு.

நியாயமா என்று கேட்டிருந்தீர்கள். விமானத்தில் உணவு என்பதே விலைக்குத்தான் தொடங்கியது. 1919 அக்டோபரில் இலண்டன் – பாரிஸ் வழியில் ஹேண்ட்லி பேஜ் நிறுவனம் 3 ஷில்லிங்குக்கு உணவுப் பெட்டி விற்றதே முதல் விமான உணவாகக் குறிப்பிடப்படுகிறது. எனவே நல்ல உணவுக்குத் தனி விலை வைப்பதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். இலவச உணவின் தரத்தை வேண்டுமென்றே தாழ்த்தி, பயணியைக் கட்டண உணவின் பக்கம் தள்ளினால் அதுதான் தவறு. முதிய பயணி ஒருவர் பாதி பன்னோடு ஒன்பது மணி நேரம் இருந்தார் என்பதை உங்கள் கேள்வியில் படித்தபோது எனக்கு எழுந்த கோபம் அதைப் பற்றியதே.

மறுமொழி 4: நெடுந்தூரப் பயணி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு பயணிக்கு ஒரு குறியீடு என்பதும், தட்டு வரும்வரை ஊசி போடக் கூடாது என்பதும் எனக்குத் தெரியாமல் இருந்தவை. அம்மாவுக்கு ஏவிஎம்எல் பதிவு செய்துவிட்டேன். எனக்கு மட்டும் கட்டண உணவில் பருப்பும் தக்காளியும் சேர்ந்த சைவ வகை ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இரண்டு சைவத் தட்டுகள் அருகருகே இருந்தால், எது பிடிக்கிறதோ அதை அம்மா எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? இன்னும் ஓர் ஐயம்: டிக்கெட்டை ஒரு நிறுவனத்திடம் வாங்கியிருக்கிறேன், ஆனால் விமானத்தை இயக்குவது அதன் கூட்டு நிறுவனம். பதிவு சரியாகப் போய்ச் சேருமா?

மறுமொழி 5: சமையற்கூடத்துக்காரர்

இரண்டு தட்டு யோசனை நன்று. நானும் அதைத்தான் செய்வேன். கூட்டு நிறுவனம் இயக்கும் விமானம் என்றால் கவனம் தேவை. எங்களுக்கு வரும் எண்ணிக்கை, விமானத்தை இயக்கும் நிறுவனத்தின் பதிவில் இருந்தே வரும். டிக்கெட் விற்ற நிறுவனத்தின் பக்கத்தில் பதிவாகிவிட்டது என்று காட்டினாலும், அது மறுபக்கத்துக்குச் செல்லாமல் நின்றுவிடுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். உங்கள் டிக்கெட்டில் இரண்டு முன்பதிவு எண்கள் இருக்கலாம். விமானத்தை இயக்கும் நிறுவனத்துக்குரிய எண்ணைக் கேட்டு வாங்கி, அதை வைத்து அந்த நிறுவனத்தின் தளத்திலேயே உங்கள் தாயாரின் பெயருக்கு எதிரே ஏவிஎம்எல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் தொலைபேசியில் அழைத்து, உறுதி செய்யப்பட்டது என்ற நிலை வரும்வரை விடாதீர்கள். கேட்கப்பட்டது என்ற நிலை மட்டும் போதாது. கட்டண உணவையும் இயக்கும் நிறுவனத்திடமே வாங்குங்கள்.

புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு ஒரு முறையும், விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் வாங்கும்போது ஒரு முறையும் கேளுங்கள். ஏறி அமர்ந்த பிறகு உங்கள் பகுதிக்கான பணியாளரிடம் தாயாரின் இருக்கை எண்ணையும் இன்சுலின் விவரத்தையும் சொல்லிவிடுங்கள். இருக்கையை மாற்றிக்கொண்டால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். பெயர் ஒட்டிய தட்டு பழைய இருக்கைக்குப் போய், அங்கிருப்பவர் வேண்டாம் என்று சொல்ல, அப்படியே வண்டிக்குள் திரும்பிவிடும்.

மறுமொழி 6: நெடுந்தூரப் பயணி

இயக்கும் நிறுவனத்தின் தளத்தில் பார்த்தேன். ஐயா சொன்னதுபோலவே அம்மாவின் பதிவு அங்கே போய்ச் சேரவில்லை. தொலைபேசியில் 40 நிமிடம் காத்திருந்து பேசி, இப்போது உறுதி செய்யப்பட்டது என்று காட்டுகிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து, மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளோடு அம்மாவின் கைப்பையில் வைத்துவிட்டேன்.